நாலு இன்ச் குழாயில் உன் அப்பாவின் முகம்

தரைதான் காரணம். உன் கை இல்லை. நீ போனில் கேட்டபோது உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வலது பக்கமாக வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் பேசுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்தாக வேண்டும்.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில், உன் மரக் கேமராவால் அப்பாவை இரண்டு படம் எடுத்தாய். ஃபிலிம் மாட்டும் ஹோல்டரின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முதலாவதை அன்றைக்கே கழுவினாய். பிரிண்டில் முகத்தின் இடது பாதி இருட்டாக வந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில் அப்பா வாய் கொப்பளித்தார். தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. மறுபடி கொப்பளித்தார். மறுபடி ஒழுகியது. முகவாதம். அதே இடது பாதி. நீ கேமராவை லாஃப்டில் ஏற்றினாய். இரண்டாவது ஃபிலிம் ஹோல்டருக்குள்ளேயே இருந்துவிட்டது. நீ புனேவுக்குப் போய்விட்டாய். இப்போது தையில் உன் கல்யாணம். அப்பா மேடை ஏற மாட்டேன் என்கிறார். நீ அந்த இரண்டாவது படத்தைக் கேட்கிறாய். கேட்டுவிட்டு, போனை வைக்கும் முன், கழுவும்போது நான் உருட்டியதுதான் தப்பா என்றும் கேட்டாய். இரண்டு வருடமாக உனக்குள் இருந்தது அந்தக் கேள்விதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே. இருட்டறை, சிவப்பு விளக்கு, மருந்துத் தொட்டி. ஃபிலிமைச் சட்டத்தில் மாட்டித் தொட்டியில் இறக்குவேன், தூக்குவேன், இறக்குவேன். எலும்பு மெல்ல மேலே வரும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு மாறியபோது காலாவதியான ஃபிலிம் பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். கேட்டு வாங்கி வந்தேன். ஃபிலிமை வைத்துப் பார்க்கும் விளக்குப் பெட்டியையும் சேர்த்து. எதற்கு என்று உன் அப்பா கேட்டார். தெரியாது என்றேன். பிறகு ஒரு நாள் நீ அந்தக் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றாய். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும் முன் விற்றது. எட்டுக்குப் பத்து. என் பெட்டியிலிருந்த ஃபிலிமும் எட்டுக்குப் பத்து. நீ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பொருள் தேவைப்பட்டது அந்த ஒரு முறைதான்.

எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும். தட்டில் போட்டுக் கழுவினால் அடிப்பக்கம் கீறிக்கொள்ளும். அதனால் குழாய். அப்பா கடையில் நாலு இன்ச் பிவிசி பைப்பை ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக அறுத்து, ஒரு முனையை மூடி போட்டு ஒட்டினார். மறுமுனைக்குத் திருகு மூடி. ஃபிலிமைச் சுருட்டி உள்ளே விட்டால் அது குழாயின் சுவரோடு ஒட்டி நிற்கும். அதற்கும் சுவருக்கும் நடுவே ஜன்னலுக்கு அடித்த கொசுவலையில் மிச்சமான துண்டு ஒன்றைப் போட்டோம், முதுகுப் பக்கமும் மருந்து போக. மருந்து கொஞ்சம் போதும். குழாயைப் படுக்கப் போட்டு உருட்டினால் ஃபிலிமின் ஒவ்வொரு இடமும் அந்தச் சிறிய குட்டையில் இறங்கி ஏறும். கீழ்பென்னாத்தூரிலிருந்து பம்ப் செட் வாங்க வருகிறவர்களிடம் அப்பா பைப்பைக் காட்டிச் சொல்வார்: "இதுல நீங்க தண்ணி எடுக்கறீங்க. எம்பையன் மூஞ்சி எடுக்கறான்." அப்போதெல்லாம் அவர் கடை வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இப்போது உள்ளே, பைப் அடுக்கியிருக்கும் பக்கம், சுவரைப் பார்த்து.

நரம்பு என்றார் டாக்டர். பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். அப்பாவுக்குப் பாதிதான் திரும்பியது. கண் ஓரளவு மூடுகிறது. வாய் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது. சிரித்தால் ஜாஸ்தி தெரியும். அதனால் சிரிக்கும் முன் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். எப்போது சிரிக்கப்போகிறார் என்று இப்போது நமக்கு முன்கூட்டியே தெரிகிறது.

உன் படத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். ஒரு ஃபிலிமில் இரண்டு விஷயம்தான் இருக்கும். அதன் மேல் விழுந்த வெளிச்சம் ஒன்று. பிறகு மருந்துக்குள் அதற்கு நடந்தது ஒன்று. இனி வரப்போவது அதில் இருக்காது. என் மேசைக்கு முன்னால் எத்தனையோ பேர் ஈர ஃபிலிமைப் பார்த்துக்கொண்டு, நல்லாயிடுமா மேடம் என்று கேட்டிருக்கிறார்கள். டாக்டர் சொல்வார் என்பேன். முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வேன். அவர்கள் ஃபிலிமை விட்டுவிட்டு என் முகத்தைப் படிக்க முயற்சி செய்வார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. இருக்கக் கூடாது என்பது வேலையின் பகுதி. அப்பா வாய் கொப்பளித்த அன்று காலை பாத்ரூம் வாசலில் நீ நின்றாய். அப்பாவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அதே முகத்தைத்தான் வைத்திருந்திருப்பேன். அந்தக் காலி இடத்தில் நீயே ஒன்றை எழுதிக்கொண்டாய்.

அந்த முகம் உனக்கும் இருக்கிறது. என்னிடமிருந்து வந்தது. பெண் வீட்டார் வந்தபோது கவனித்தேன். அப்பா இடது பக்கம் சுவரோடு இருக்கும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி காபி குடித்தார்கள். நீயும். அந்தப் பெண் மட்டும் உன் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். நீ ஒன்றுமில்லை என்றாய், அதே முகத்தோடு. அவள் கேட்டால் சொல்லு. பயந்தால் பயம் என்று சொல்லு. அவளுக்கு எக்ஸ்ரே படிக்க வராது. வர வேண்டியதும் இல்லை.

அப்பாவுக்கு மேடையில் பிரச்சினை இல்லை. திரைதான். நாங்கள் மண்டபம் பார்க்கப் போனபோது மேனேஜர் பெருமையாகக் காட்டினார், மேடைக்கு இரண்டு பக்கமும் எல்.இ.டி. திரை, பந்தியிலும் ஒன்று, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தாலி கட்டுவது தெரியும் என்று. அப்பா திரையை அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு சொன்னார்: "என் வாயைப் பத்தடி அகலத்துக்குக் காட்டுவானுங்க. பந்தியில உக்காந்தவன் எழுந்துடுவான்." பாத பூஜைக்குத் தன் தம்பியை நிற்க வைத்துவிடலாம் என்றார். உன் சித்தப்பாவும் தானும் ஒரே சாயல்தானாம். மகன் குனிந்து காலைக் கழுவும்போது அது யார் கால் என்று எவனும் பார்க்கப்போவதில்லையாம். நீ போன மாதம் வந்து மன்றாடினாய். அவர் துண்டை வாயில் வைத்தார். அன்று சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டாவது படத்தைக் கழுவி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, மண்டபத்து வாசலில் வைப்பது. அப்பா நிற்காவிட்டாலும் அப்பா முகம் நிற்கட்டும், நேரான முகம் என்றாய். எனக்கும் சரி என்று பட்டது. இதையும் எழுதி வைக்கிறேன். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

சென்னைக்கு அனுப்பச் சொன்னாய். எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவித் தருகிற ஸ்டூடியோ எனக்குத் தெரிந்து அங்கே இல்லை. நானே செய்ய வேண்டும். ஒரே ஒரு ஃபிலிம். ஆஸ்பத்திரியில் ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று எடுக்கலாம். உடைந்த கால் அப்படியே அங்கே மேசை மேல் இருக்கும். இந்த முகம் இல்லை.

ஆகவே முதலில் ஒன்றுமில்லாததைப் படம் எடுத்தேன். பாத்ரூம் ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்ஸின் அடித்தேன். ஒரு பழைய ஃபிலிமைத் தரையில் வைத்து, டார்ச்சைக் கூரையைப் பார்த்து ஒரு கணம் அடித்து அணைத்தேன். ஃபிலிம் முழுவதும் ஒரே வெளிச்சம். அதைக் குழாயில் கழுவினால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சாம்பல் நிறம் வர வேண்டும். நிறம் எங்கே மாறுகிறதோ அங்கே தப்பு நடக்கிறது. முகம் இருந்தால் நாம் முகத்தைப் பார்ப்போம், தப்பைப் பார்க்க மாட்டோம்.

நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கதவை ஒட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நீட்டி. உன்னைப் போலவே தரையில் போட்டு முன்னும் பின்னும் உருட்டினேன். வெளியே எடுத்து விளக்குப் பெட்டியில் வைத்தேன். ஒரு பாதி கறுத்திருந்தது. மறுபாதி வெளிறியிருந்தது. அந்த வெளிறல்தான் பிரிண்டில் இருட்டாகிறது. உன் முதல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாறும் இடம்கூட ஒன்றேதான்.

அடுத்த ஃபிலிமுக்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்தேன், கதவைப் பார்த்து. அதே மருந்து. அதே நேரம். மூடி எப்போதும் போல வலது கைப் பக்கம். கறுப்பும் வெளிறலும் இடம் மாறி வந்தன. கை அதே கை. உட்கார்ந்த பக்கம் மட்டும் மாறியிருந்தது. பிறகு குவளையில் தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றினேன். தண்ணீர் எங்கும் நிற்காமல் மூலையிலிருந்த ஓட்டைக்கு ஓடியது. உனக்கு நினைவிருக்கும், இந்த பாத்ரூம் கட்டியபோது அப்பா கொத்தனாரின் பக்கத்திலேயே நின்றார். வாட்டம் பத்தாது, வாட்டம் பத்தாது என்று தரையைச் சரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டி முடிந்ததும் வருகிறவர்களையெல்லாம் அழைத்துவந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு நிக்காது பாருங்க. அந்தத் தரையில்தான் நீ குழாயை உருட்டினாய். மருந்து கொஞ்சம். அது முழுக்கப் பள்ளத்துப் பக்கம் போய்த் தேங்கியது. மேட்டுப் பக்கம் நனைந்தது, அவ்வளவுதான். அந்த மேட்டுப் பக்கத்தில் அப்பாவின் இடது கன்னம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

கடையிலிருந்து ரசமட்டம் எடுத்துவரச் சொன்னேன். அப்பா கொண்டுவந்து தரையில் வைத்தார். குமிழி ஓடிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. "ஏதோ கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்றார். அவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கடையிலிருந்தே ஒரு பலகையும் வந்தது. பள்ளத்துப் பக்கம் உயர்த்த ஏதாவது அடியில் வைக்க வேண்டியிருந்தது. நீ வேண்டாம் என்று ஒதுக்கிய கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அலமாரியில் இருந்தன. கெட்டி அட்டை. பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுற்றி வைத்தேன். பிள்ளையார் போட்டது ஒன்று, மயில் போட்டது இரண்டு. குமிழி நடுவுக்கு வந்தது.

ஆனால் தரை சரியான பிறகும் ஃபிலிம் சரியாகவில்லை. பாதி பாதியாக இருந்தது போய், குறுக்கே பட்டை பட்டையாக வந்தது. இது உன் படத்தில் இல்லை. இது என் கை. ஆஸ்பத்திரித் தொட்டியில் ஒரே தாளத்தில் இறக்கித் தூக்கிய பழக்கம். பலகை மேலும் அப்படியே செய்தேன். இவ்வளவு தூரம் முன்னே, அவ்வளவே தூரம் பின்னே. ஒவ்வொரு முறையும் குழாய் அதே இடத்தில் நின்று திரும்பியது. நிற்கும் அந்த ஒரு கணம் மருந்தும் அதே இடத்தில் நின்றது. அங்கே பட்டை. ஒரு சீர் இருந்ததால்தான் கெட்டது. நீண்ட நேரம் ஒழுங்காக வேலை செய்த ஒருத்திக்கு இதை ஒத்துக்கொள்ள நேரம் ஆகும். கொஞ்சம் ஆனது.

பிறகு வேறு மாதிரி உருட்டினேன். ஒரு முழுச் சுற்றுக்கு மேலே போகும்படி. சில சமயம் ஒன்றரை, சில சமயம் இரண்டு, எங்கே நிறுத்துகிறேன் என்று எனக்கே தெரியாமல். நடுநடுவே குழாயைத் தூக்கி, தலை கால் மாற்றித் திரும்பப் படுக்க வைத்தேன். மருந்து ஊற்றும் முன் வெறும் தண்ணீரில் ஒரு முறை நனைத்தேன், ஃபிலிம் சுவரில் நன்றாக உட்கார. நிறுத்தவே இல்லை. நிறுத்தாமல் இருப்பது முக்கியம், ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதும் முக்கியம். இது இரண்டையும் சேர்த்துச் செய்ய கை பழகுவதற்குள் பெட்டியில் பாதி தீர்ந்துவிட்டது. துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டிச் சாம்பல் நிற ஃபிலிம்களாகத் தொங்கின. அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தவர் அவற்றின் முன் நின்றார். "இது யாரு?" என்றார்.

"யாரும் இல்லைங்க."

"நல்லா வந்திருக்கான்" என்றார்.

கடைசியாகத் தொங்கியது உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. விளக்குப் பெட்டியில் வைத்து, தலைகீழாகத் திருப்பி வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தேன். எங்கும் நிறம் மாறவில்லை. இனி அந்த ஃபிலிமை எடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பௌர்ணமியன்று எடுத்தேன். அன்றைக்கு ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள், அப்பா கடை திறப்பதில்லை, மருந்தின் சூடு பார்க்க, தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வீட்டில் இருப்பார். மதியம். கிரிவலக் கூட்டம் தெருமுனைவரை வந்திருந்தது. என்ன கழுவப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எந்தப் படம் என்றும் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து பாத்ரூம் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டார்.

"கெட்டுச்சுன்னா விடு" என்றார். கதவை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து: "கெடுத்துடாதே."

சிவப்பு விளக்கில் ஹோல்டரைத் திறந்தேன். மூலையில் உன் பென்சில் குறி இருந்தது. ஃபிலிம் மற்ற ஃபிலிம்களைப் போலத்தான் இருந்தது. இரண்டு வருடம் ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருந்த எந்த அடையாளமும் அதில் தெரியவில்லை. சுருட்டி உள்ளே விட்டேன். தண்ணீர். பிறகு மருந்து. மூடி. பலகை. உருட்ட ஆரம்பித்தேன். வெளியே போலீஸ் மைக்கில் காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலூரிலிருந்து வந்தவர், ஆரணியிலிருந்து வந்தவர், எங்கிருந்தாலும் கோபுர வாசலுக்கு வரவும், உங்கள் மனைவி காத்திருக்கிறார். நான் ஒன்றரைச் சுற்று, இரண்டு சுற்று, ஒன்றேகால் என்று போய்க்கொண்டிருந்தேன். குழாயைத் தூக்கித் திருப்பிப் போட்டேன். அப்பா கதவைத் தட்டினார். "சப்பாத்தி எத்தனை ஆச்சு?" பதில் சொன்னால் கை அதன் தாளத்துக்குப் போய்விடும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஸ்டூல் மட்டும் அவ்வப்போது கிறீச்சிட்டது.

மருந்தை வெளியே ஊற்றிவிட்டு, படம் நிலைக்க ஃபிக்ஸர் விட்டேன். மறுபடி உருட்டினேன். பிறகு மூடியைத் திருகி, கொசுவலையோடு சேர்த்து வெளியே இழுத்தேன்.

இரண்டு பாதியும் இருந்தன.

ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடினேன். வானம் ஒரே நிறம். பின்னால் மலையின் சரிவு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் ஒரே அழுத்தத்தில். முகத்தில் வெளிச்சம் இருந்த பக்கம் வெளிச்சமும், நிழல் இருந்த பக்கம் நிழலும். இரண்டு கன்னமும் ஒன்றுபோல இல்லை. எந்த மனிதருக்கும் இருக்காது, எத்தனையோ தலைகளை எக்ஸ்ரே எடுத்தவள் சொல்கிறேன். வாய் நேராக இருந்தது. சிரிக்கலாமா என்று யோசிக்கிற வாய். நீ அன்று என்னவோ சொல்லியிருக்கிறாய், கேமராவின் கறுப்புத் துணிக்கு அடியிலிருந்து.

கழுவிக் காய்ந்த பிறகு விளக்குப் பெட்டியில் வைத்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் நெகட்டிவைத்தான் பார்த்தார். நரைத்த முடி கறுப்பாக, கறுத்த தோல் வெளுப்பாக. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "முடி கறுப்பு, ஆளு வெளுப்பு. இப்படியே பிரிண்ட் போட்டுடு" என்றார். துண்டைத் தேடினார். அது ஸ்டூலிலேயே இருந்தது. துண்டில்லாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. விரலை எடுத்துத் தன் இடது வாயோரத்தில் வைத்துக்கொண்டு படத்தின் வாயைப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கத் தோன்றவில்லை. போய் பாத்ரூமில் குழாயைக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியைப் பெட்டிக்கு முன் போட்டு உட்கார்ந்திருந்தார். இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நீ கேட்டதை, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்போவதை, மண்டபத்து வாசலில் வைக்கப்போவதை. அப்பா மேடை ஏறாவிட்டாலும் முகமாவது இருக்கட்டும் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் "வாசல்லியா?" என்றார்.

"ஆமாங்க. வரவேற்பு மேசைக்குப் பக்கத்துல."

"சந்தனம், கல்கண்டு எல்லாம் வெச்சிருப்பாங்களே, அங்கியா?"

"அங்கதான்."

"குத்துவிளக்கும் அங்கதானே வெப்பாங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வாரம் தரையைப் பார்த்தேன், மருந்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். இது தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

"மாப்பிள்ளையோட அப்பன் மேடையில இல்ல" என்றார் அவர். "அவன் போட்டோ வாசல்ல நிக்குது. பக்கத்துல விளக்கு எரியுது. பம்ப் செட் வாங்குனவன் எல்லாம் வருவான். பாத்துட்டு, ஐயோ, எப்ப ஆச்சு, சொல்லவே இல்லியேன்னு கேப்பான். எவனாவது ஒருத்தன் உள்ள போயி ஒரு மாலையை எடுத்தாந்து போட்டுடுவான். நான் பந்தியில இலை முன்னாடி உக்காந்திருப்பேன்."

துண்டு கையில் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். அவர் கண்ணில், சரியாக மூடாத அந்தக் கண்ணில், தண்ணீர் வழிந்தது. அது சும்மாவே வழியும்.

பிறகு அவர் சொன்னது இதுதான். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நானே வந்து நிக்கறேன்னு சொல்லிடு. உசுரோட இருக்கறவன் நிக்கறதுதான் மேல். ஆனா மேடையில எவனும் எனக்கு லட்டு ஊட்டக் கூடாது. ஒழுகும்."

திரைக்காரரிடம் வலது பக்கமாக எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அதை உன்னிடம் விடுகிறேன். லட்டு விஷயத்தை மட்டும் உன் மாமனார் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடு, அவர்கள் ஊட்டுகிறவர்கள்.

படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். விளக்குப் பெட்டியை அவரே அணைத்தார். "பத்திரமா எடுத்து வை. அப்புறமா ஆவும்" என்றார். கடைக்கு வாங்கிய பொருளைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

காகித உறையில் போட்டு என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு நீ கேட்க வேண்டாம். முதல் படத்தையும் அதே உறையில் வைத்தேன், பாதி இருண்டதை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, வாட்டமான தரையில் உருண்டது, அவ்வளவுதான். நீ அதைப் பார்க்கும்போது இனி அப்படியே பார்க்க வேண்டும். உடனே வராது. வரும்.

மேலே இருப்பதை எழுதிவிட்டு லாஃப்டிலிருந்து கேமராவை இறக்கித் தூசி தட்டினேன். பாத்ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டு, ஹோல்டரைத் துடைத்து, இரண்டு பக்கமும் புது ஃபிலிம் போட்டு மூடினேன். பலகையை எடுக்கவில்லை, நீ வரும்போது வேண்டும். பிறகு அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன்.